பல்லில் பதிந்த வெயில்

பையனுக்கு ஒன்பது வயது. மேல்வரிசையின் நடுவிலுள்ள இரண்டு முன்பற்களிலும், நுனியிலிருந்து சற்று மேலே, குறுக்காக ஒரு பள்ளக்கோடு. கூர்முனைக் கருவியை வைத்து மெல்ல இழுத்தால் அந்த இடத்தில் முனை தட்டி நிற்கிறது. அவற்றை ஒட்டிய பக்கப்பற்கள் இரண்டும் வழவழவென்று குறையில்லாமல் இருக்கின்றன. முதல் கடைவாய்ப்பற்கள் மட்டும் மஞ்சள் பாரித்து, மேற்புறம் சொரசொரத்துக் கிடக்கின்றன.

கல்கத்தாவின் பாலிகஞ்சில் பல் மருத்துவம் பார்க்கும் அந்தத் தமிழ்ப் பெண்மணி கருவியைத் தட்டில் வைத்துவிட்டுப் பையனின் தாயிடம் கேட்டார்: “பத்து மாதம் முடிவதற்குள் இவனுக்கு உடம்புக்கு ஏதாவது வந்ததா?”

தாய் சற்று யோசித்தார். ஆகஸ்டில் பிறந்த குழந்தை. குளிர்காலம் முழுக்கக் கம்பளியில் சுற்றி, ஜன்னல் சாத்திய அறையில் வைத்திருந்தார்கள். பிப்ரவரியில் ஒருநாள் கைகால் வெட்டி வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துக் கால்சியம் குறைவு என்றார்கள். வைட்டமின் டி-யும் குறைவு என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். பிறகு எல்லாம் சரியாகிவிட்டதால் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. “அதற்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம், தீதி?” என்றார் அந்த அம்மாள்.

சம்பந்தம் பல் உருவாகும் கணக்கில் இருக்கிறது. நிலைத்த முதல் கடைவாய்ப்பல் குழந்தை பிறக்கும் வேளையில் கெட்டிப்படத் தொடங்குகிறது. மேல் நடு முன்பற்கள் மூன்று நான்கு மாதத்தில் தொடங்கி, நான்கைந்து வயதில் தலைப்பகுதி முடிகின்றன. மேல் பக்கப்பற்கள் தாமதக்காரர்கள். பத்து மாதத்துக்குப் பிறகுதான் அவற்றில் வேலை ஆரம்பிக்கும். நடுப்பற்களில் கோடு விழுந்து பக்கப்பற்கள் தப்பியிருந்தால், தொல்லை வந்துபோனது அந்த இடைப்பட்ட மாதங்களில் என்று சொல்லிவிடலாம். ஈறுக்குள்ளே யார் கண்ணிலும் படாமல் நடந்த அந்த வேலையின் குறை, பல் முளைத்தபிறகுதான் வெளியே தெரிகிறது.

எலும்புக்கும் பல்லுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான். எலும்பு வாழ்நாள் முழுக்கக் கரைந்து கரைந்து புதிதாகக் கட்டப்படுகிறது. குழந்தைப் பருவத்தில் ரிக்கெட்ஸ் வந்து வளைந்த கால் கூட, சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். எனாமல் அப்படி அல்ல. அதைக் கட்டிய செல்கள் பல் வெளியே வரும்போதே உதிர்ந்துபோகின்றன. கட்டிடம் எழும்பும்போது ஒருநாள் மட்டும் கலவையில் சிமெண்டு குறைந்தால் அந்த வரி மட்டும் சுவரில் பொரிந்து நிற்குமல்லவா, அதுபோல அந்தச் சில வாரங்களின் குறை பல் உள்ளவரை அந்த மட்டத்திலேயே நிற்கும். பின்னாளில் எத்தனை மாத்திரை விழுங்கினாலும் அந்த வரி நிரம்பாது.

வைட்டமின் டி இதில் நேரடியாகக் கலவை சுமப்பதில்லை. சாப்பாட்டில் உள்ள கால்சியத்தைக் குடல் உறிஞ்சிக்கொள்ள அது வேண்டும். உடம்பில் டி போதாதவருக்கு உண்ட கால்சியத்தில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பங்குதான் உள்ளே போகிறது. போதுமான அளவு இருந்தால் முப்பது, நாற்பது பங்கு வரை போகும். பாஸ்பரசும் இப்படித்தான். இது தவிர, எனாமலைக் கட்டும் செல்களிலும் அதன் அடியிலுள்ள டென்டினைக் கட்டும் செல்களிலும் டி வந்து ஒட்டிக்கொள்வதற்கான ஏற்பிகள் இருக்கின்றன. ஆக, சரக்கு வந்து சேருவதற்கும் அது வேண்டும், வேலை நடப்பதற்கும் வேண்டும்.

அந்தப் பையனின் தாயிடம் டாக்டர் இன்னொன்றையும் சொல்லி அனுப்பினார். இதே கோடு கடுமையான காய்ச்சலாலும் வரலாம், பால்பல்லில் பலமாக அடிபட்டாலும் வரலாம். தண்ணீரில் ஃபுளோரைடு மிகுந்த ஊர்க்காரர்களுக்கு வரும் கறை வேறு மாதிரி: கோடு ஒரே மட்டத்தில் நிற்காமல், எல்லாப் பற்களிலும் இருபுறமும் ஒத்தாற்போலச் சுண்ணாம்பு வெண்மையும் பழுப்பும் பரவியிருக்கும். தர்மபுரியிலிருந்து வந்த உறவினர்களின் சிரிப்பில் சிறுவயதிலேயே அதைப் பார்த்திருக்கிறார். புருலியா, பாங்குரா மாவட்டத்து நோயாளிகளிடம் அதையே இங்கும் பார்க்கிறார். பல்லில் ஒரு வெள்ளைத் திட்டைக் கண்டதும் டி குறைவு என்று சீட்டு எழுதுவது இந்தத் தொழிலுக்கு அழகல்ல என்பது அவர் கருத்து.

லேக் மார்க்கெட் பக்கத்தில் வளர்ந்தவர் அவர். வாழையிலை, முருங்கைக்காய், காபித்தூள் என்று தெற்கத்திச் சமையலுக்கு வேண்டியது எல்லாம் கிடைக்கிற, கல்கத்தாத் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகக் கூடும் வட்டாரம். படித்தது சியால்தாவை ஒட்டி ஆச்சார்ய ஜகதீஷ் சந்திர போஸ் சாலையில் இருக்கும் டாக்டர் ஆர். அகமது பல் மருத்துவக் கல்லூரியில். இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரி அது. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் படித்து, பாஸ்டனில் குழந்தைகளுக்கான ஃபோர்சைத் பல் மருத்துவமனையில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய ரஃபியுதீன் அகமது, 1920-இல் அதைத் தொடங்கினார். ‘நியூயார்க் சோடா ஃபவுண்டன்’ என்று ஒரு கடை போட்டு, அந்த வருமானத்தில் கல்லூரியை நடத்தினார். 1925-இல் இந்தியப் பல் மருத்துவ இதழையும் அவரே ஆரம்பித்தார். அவர் பிறந்த டிசம்பர் 24-ஐத்தான் இந்தியப் பல் மருத்துவர்கள் தங்கள் நாளாகக் கொண்டாடுகிறார்கள். பின்னாளில் பாகிஸ்தான் அரசியலில் பெரும்பெயர் பெற்ற பாத்திமா ஜின்னா படித்ததும் அவரிடம்தான். பாத்திமா 1923-இல் பம்பாயில் சொந்தமாகப் பல் மருத்துவமனை திறந்தார்.

அந்தக் கல்லூரிப் புறநோயாளிப் பிரிவின் நீண்ட வரிசைதான் தன் கண்ணைத் திறந்தது என்று டாக்டர் சொல்வதுண்டு. பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியில் முடிந்துபோகும் எனாமல் குறைபாடு அங்கே வாய் வாயாக வந்து நின்றது. சுந்தரவனத்துக் குழந்தை, பார்க் சர்க்கஸ் குழந்தை, நகரத்து ஃபிளாட் குழந்தை என்று யார் எங்கிருந்து வந்தாலும் பல் தன் கணக்கைக் காட்டியது.

அகமது கல்லூரி தொடங்கிய அதே காலத்தில் இங்கிலாந்தில் ஒரு பெண்மணி நாய்க்குட்டிகளின் தாடைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். பெயர் மே மெலன்பி. அவருடைய கணவர் எட்வர்ட் மெலன்பி, உணவுக் குறையால் நாய்க்குட்டிகளுக்கு ரிக்கெட்ஸ் வருவதையும் காட் மீன் ஈரல் எண்ணெய் அதைத் தடுப்பதையும் 1919-ஐ ஒட்டிக் காட்டியவர். அதே குட்டிகளின் பற்களை மே எடுத்துக்கொண்டார். எண்ணெய் கிடைக்காத குட்டிகளுக்குப் பல் தாமதமாக முளைத்தது, எனாமல் மெலிந்திருந்தது, டென்டினுக்குள் கெட்டிப்படாத இடைவெளிகள் தெரிந்தன. 1918-இல் ‘லான்செட்’ இதழில் அதை எழுதினார். டி என்ற எழுத்து அந்தப் பொருளுக்கு வாய்க்கும் முன்பே வந்த கண்டுபிடிப்பு அது. அமெரிக்காவில் எல்மர் மெக்காலம் அந்த எழுத்தைச் சூட்டியது 1922-இல்.

மெலன்பி நாயோடு நிற்கவில்லை. ஷெஃபீல்டு நகர மருத்துவமனையில் மாதக்கணக்கில் படுத்திருந்த குழந்தைகளின் உணவை மாற்றிப் பார்த்தார். டி நிறைந்த சாப்பாடு பெற்ற குழந்தைகளுக்குப் புதிய சொத்தைகள் குறைந்தன. சில பழைய சொத்தைகள் பரவாமல் இறுகி நின்றன. ஓட்ஸ் போன்ற தானியம் மிகுந்த சாப்பாட்டில் பலன் கெட்டது. தானியத்தோலில் உள்ள ஃபைடிக் அமிலம் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதே காரணம் என்பது பின்னால் தெரிந்தது. தமிழ் வீட்டில் கேழ்வரகை ஊறவைத்து முளைகட்டிக் கஞ்சி காய்ச்சும் பழக்கம், இந்த அமிலத்தைக் குறைக்கிறது என்று இன்றைய உணவியலாளர்கள் சொல்வதை டாக்டர் தம் தமிழ் நோயாளிகளுக்குத் தவறாமல் எடுத்துச் சொல்கிறார்.

பிறகு அந்த ஆராய்ச்சி ஏன் மங்கியது? 1945-இல் அமெரிக்காவின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரம் குடிநீரில் ஃபுளோரைடு கலக்கத் தொடங்கியது. சொத்தைத் தடுப்பு என்றால் ஃபுளோரைடு என்று உலகம் அந்தப் பக்கம் திரும்பியது. மீன் எண்ணெயும் வெயிலும் பல் மருத்துவரின் மேசையிலிருந்து எலும்பு மருத்துவரின் மேசைக்குப் போய்விட்டன. 2013-இல்தான் பிலிப் ஹூஜோல் என்னும் அமெரிக்க ஆய்வாளர் பழைய சோதனைகளையெல்லாம் திரட்டிக் கணக்குப் போட்டார். 24 சோதனைகள், 2,800-க்கும் மேற்பட்ட குழந்தைகள். டி பெற்றவர்களுக்குச் சொத்தை ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. ஆனால் பழைய சோதனைகளின் தரம் ஒரே சீராக இல்லாததால் இந்த முடிவின் உறுதி குறைவு என்று அவரே எழுதினார். டாக்டர் இந்தக் கட்டுரையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அந்தப் பின்வரியையும் சேர்த்தே பேசுகிறார். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள் முன்வரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

இனி கல்கத்தாவின் வெயில். இவ்வளவு சூரியன் உள்ள ஊரில் டி எப்படிக் குறையும் என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. 1890-இல் தியோபால்டு பாம் என்ற மருத்துவர் பல நாடுகளிலிருந்த மிஷனரிகளிடம் எழுதிக் கேட்டு, வெயில் நாடுகளில் ரிக்கெட்ஸ் அரிது என்று முடிவுகட்டினார். இந்தியாவும் அந்தப் பட்டியலில் இருந்தது. ஆனால் 1920-களில் காஷ்மீரில் பணியாற்றிய மருத்துவர் கேத்லீன் வாகன், வெயில் தாராளமாக விழும் அந்தப் பள்ளத்தாக்கிலேயே பர்தாவுக்குள் வாழ்ந்த நகரப் பெண்களின் எலும்புகள் மென்மையாகிப் பிரசவம் ஆபத்தாவதைக் கண்டு எழுதினார். வயலில் உழைத்த பெண்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. வானத்தில் வெயில் இருப்பது வேறு, தோலில் அது படுவது வேறு.

பாலிகஞ்சில் இன்று பர்தாவின் வேலையைக் கட்டிடங்கள் செய்கின்றன. பழைய வீடுகளில் அகன்ற மொட்டைமாடி இருந்தது. குளிர்காலத்து நடுப்பகலில் பாட்டிமார் பாய் விரித்துக் குழந்தையைக் கிடத்தி, கடுகெண்ணெய் தடவி, உருவிவிடுவார்கள். ஊறுகாய் ஜாடியும் அங்கேதான் காயும், குழந்தையும் அங்கேதான் காயும். எண்ணெயில் டி இல்லை. வெயிலில் அந்த நேரத்தில் இருந்தது. அந்த வீடுகள் ஒவ்வொன்றாக ப்ரோமோட்டர் கைக்குப் போய் அடுக்கு ஃபிளாட்டுகளாக எழும்பின. மாடி பொதுச் சொத்தாகிப் பூட்டுத் தொங்குகிறது. பால்கனி வெயில் கண்ணாடி வழியாக வருகிறது. டி உண்டாக்கும் புறஊதாக் கதிர் கண்ணாடியைத் தாண்டி வராது. கொஞ்சம் குளிர் என்றாலும் குழந்தைக்கு மங்கி கேப், கையுறை, காலுறை எல்லாம் மாட்டிவிடும் வங்காளத்து வழக்கம் வேறு சேர்ந்துகொள்கிறது.

ரவீந்திர சரோவர் ஏரியைச் சுற்றி விடியலில் நடப்பவர்கள் பலர் டாக்டரின் நோயாளிகள். தினமும் வெயிலில்தானே நடக்கிறோம் என்பது அவர்கள் நம்பிக்கை. விடிந்தும் விடியாததுமாக நடந்து, கரையில் தேநீர் குடித்து, வெயில் ஏறுமுன் வீடு திரும்பிவிடுகிறார்கள். திருப்பதியில் சி. வி. ஹரிநாராயணும் குழுவினரும் டி-யின் மூலப்பொருளைக் குப்பிகளில் அடைத்து மணிக்கு மணி வெயிலில் வைத்துப் பார்த்தார்கள். அது டி-யாக மாறுவது பகல் 11 மணியிலிருந்து 2 மணிக்குள்தான் நன்றாக நடந்தது. காலைச் சூரியனின் கதிர் சாய்ந்து வருகிறது. நீண்ட காற்றுத்திரையைக் கடக்கும்போதே புறஊதாவின் அந்தப் பகுதி உறிஞ்சப்பட்டுவிடுகிறது. உன் நிழல் உன்னைவிடக் குட்டையாக இருக்கிற நேரமே பயனுள்ள நேரம் என்று ஒரு கணக்கு உண்டு. கல்கத்தா 22.5 டிகிரி வடக்கில் இருப்பதால், டிசம்பர் கடைசியில் உச்சிப்பொழுதிலும் இங்கே ஒருவரின் நிழல் ஏறத்தாழ அவர் உயரமே இருக்கும். அதே நாளில் சென்னையில் நிழல் முக்கால் உயரம்தான். கல்கத்தாவின் குளிர்காலத்தில் புகைமூட்டமும் சேர்ந்து கவிகிறது.

புகை என்ன செய்யும் என்பதற்கு டெல்லியில் ஒரு தெளிவான ஆய்வு உண்டு. மாசு மிகுந்த மோரி கேட் பகுதிக் குழந்தைகளையும், அன்று மாசு குறைவாக இருந்த குர்காவ்ன் குழந்தைகளையும் ஒப்பிட்டு 2002-இல் வெளியிட்டார்கள். எல்லாம் இரண்டு வயதுக்குள். குர்காவ்னில் சராசரி டி அளவு மில்லிலிட்டருக்கு 27 நானோகிராம். மோரி கேட்டில் 12. பற்களின் தலைப்பகுதி கட்டப்படும் வயதும் அதுதான்.

டாக்டர் தன் தொழிலில் நெடுநாள் பழகியபிறகு செய்த ஒரு மாற்றம் சிறியது. குழந்தையின் பல்லைக் காட்ட வரும் தாயிடம், அடுத்து யாராவது கருவுற்றிருக்கிறார்களா என்று கேட்கத் தொடங்கினார். பல் மருத்துவரிடம் கர்ப்பிணிகள் வருவது குறைவு. வந்தாலும் ஈறு வீங்கி ரத்தம் கசிவதற்காக வருவார்கள். பால்பற்கள் கருவில் நான்காம் மாதம் வாக்கிலேயே கெட்டிப்படத் தொடங்கிவிடுகின்றன. பிறக்கும்போது முன்பற்களின் பெரும்பகுதி முடிந்திருக்கும். வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு வரும் பெண்ணின் வயிற்றுக்குள் அந்த வேலை முக்கால் தூரம் போயிருக்கும்.

லேக் மார்க்கெட் வட்டாரத்துத் தமிழ் மாமி ஒருவர், சென்னையிலிருந்து பிரசவத்துக்கு வந்திருந்த மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மகளுக்கு ஈறில் வீக்கம். சுத்தம் செய்து முடித்ததும் டாக்டர் கேட்டார்: “டி மாத்திரை ஏதாவது சாப்பிடறியாம்மா?”

“இரும்பு, கால்சியம் ரெண்டும் ஒழுங்கா சாப்பிடறேன் டாக்டர்.”

“ஏம்மா, அவ பாலும் நெய்யும் வேண்டிய மட்டும் சாப்பிடறாளே, அது போறாதா?” என்றார் மாமி.

“பால்ல கால்சியம் இருக்கு மாமி. அது ரத்தத்துல ஏறணும்னா டி வேணும். சும்மா கறந்த பால்ல அது ரொம்பக் கொஞ்சம். அவளோட பிரசவ டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்கோ, நானே சீட்டு எழுதித் தரேன்.”

சைவ உணவுக்காரர்களின் சிக்கலே இதுதான். டி இயற்கையாக நிறைய இருப்பது கொழுப்பு மீனிலும் மீன் ஈரல் எண்ணெயிலும். ஓரளவு முட்டை மஞ்சள் கருவில். வங்காளிகளின் இலிஷ் கொழுப்பு மீன்தான், ஆனால் அதற்குப் பருவம் உண்டு, விலையும் உண்டு. சைவ வீட்டில் வெயிலை விட்டால் மாத்திரையும், டி சேர்த்த பாலும் எண்ணெயும்தான். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் வகுத்த விதிகளின்படி டி சேர்த்த பால், எண்ணெய்ப் பொட்டலங்களில் ‘+எஃப்’ என்ற நீல முத்திரை இருக்கும். வாங்கும்போது பார்த்து எடுக்கச் சொல்வது டாக்டரின் வழக்கம்.

கர்ப்பிணிக்குத் தரும் டி, குழந்தையின் பல்லுக்கு உதவுகிறதா? கனடாவில் மனிடோபாவைச் சேர்ந்த ராபர்ட் ஷ்ராத்தும் குழுவினரும் 2014-இல் எழுதினார்கள்: கர்ப்ப காலத்தில் டி குறைவாக இருந்த தாய்மாரின் குழந்தைகளுக்குச் சின்ன வயதுச் சொத்தை கூடுதலாக இருந்தது. இது உடன்நிகழ்வு மட்டுமே. ஏழ்மை, உணவு, எல்லாம் அதில் கலந்திருக்கும். இன்னும் வலுவானது டென்மார்க்கில் நடந்த சோதனை. கோபன்ஹேகனில் 623 கர்ப்பிணிகளை, கருவுற்ற 24-ஆம் வாரத்திலிருந்து, குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு நாளொன்றுக்கு 400 யூனிட் டி, மற்றதற்கு 2,800 யூனிட். குழந்தைகளுக்கு ஆறு வயதானதும் பற்களைப் பார்த்தார்கள். கூடுதல் டி பெற்ற பிரிவில் நிலைத்த பற்களில் எனாமல் குறை 15 விழுக்காடு. மற்றதில் 27-க்கு மேல். இந்த முடிவு 2019-இல் வெளிவந்தது. ஆனால் சொத்தையின் அளவில் இரண்டு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை.

அந்தக் கடைசி வாக்கியம் டாக்டருக்கு முக்கியம். எனாமல் நன்றாகக் கட்டப்பட்டாலும் அதைச் சர்க்கரையும் கிருமியும் அரித்துவிடும். பாலிகஞ்ச் ஸ்டேஷனில் விடியுமுன் கானிங், லக்ஷ்மிகாந்தபூர் லோக்கலில் வந்து இறங்கி, வீட்டு வேலைக்குப் போகும் பெண்களை அவர் நன்றாக அறிவார். மாலையில் திரும்பும் வழியில் அவரிடம் வருகிறார்கள். வயலிலும் வரப்பிலும் வளர்ந்தவர்கள், வாழ்நாள் முழுக்க வெயிலில் நடந்தவர்கள். பல்லின் கட்டுமானம் பலருக்குத் திடமாக இருக்கும். ஆனால் புகையிலைத் தூளான குல் வைத்துத் தேய்த்துத் தேய்த்து ஈறு கரைந்திருக்கும். சர்க்கரை கொட்டிய தேநீரால் கடைவாய்ப்பல் குழிந்திருக்கும். அவர்களிடம் டி பற்றிப் பேசுவது வீண். குல் டப்பாவைப் பற்றித்தான் பேச வேண்டும். இரவில் பால்பாட்டிலை வாயில் வைத்தபடி தூங்கும் ஃபிளாட் குழந்தைக்கும் முதல் மருந்து பாட்டிலை எடுப்பதுதான். ஃபுளோரைடு பற்பசை, இரவில் பல் துலக்குதல், இனிப்பைச் சாப்பாட்டு வேளையோடு நிறுத்துதல் ஆகியவற்றின் இடத்தை எந்த வைட்டமினும் பிடிக்காது என்று அவர் அடித்துச் சொல்கிறார்.

எப்போதோ ஒருமுறை வரும் ஒரு வகைக் குழந்தைதான் அவரை மிகவும் உஷாராக்குகிறது. ஈறில் சீழ்க்கட்டி, ஆனால் பல்லில் சொத்தை இல்லை, அடி இல்லை, விரிசல் கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. எக்ஸ்-ரேயில் பல்லின் உள்ளறை பெரிதாக, அதன் கொம்புகள் எனாமலின் அடிவரை நீண்டிருக்கும். குழந்தையை எழுந்து நடக்கச் சொன்னால் கால்கள் வில்லாக வளைந்து, வாத்து நடை நடக்கும். சிறுநீரகம் பாஸ்பேட்டைச் சிந்திவிடும் பரம்பரை ரிக்கெட்ஸ் அது. சாதாரண டி மாத்திரைக்கு அது மசியாது. வேர் சிகிச்சையைத் தொடங்கும் கையோடு குழந்தையை ஹார்மோன் நிபுணரிடம் அனுப்ப வேண்டும். வீட்டில் கால் வளைவைப் பரம்பரை நடை என்று விட்டுவிட்டிருப்பார்கள். பல் வலித்ததால்தான் வந்திருப்பார்கள். நோயை முதலில் கண்டுபிடிக்கும் வாய்ப்பு பல் மருத்துவருக்குக் கிடைக்கிறது, அந்த வாய்ப்பைத் தவறவிடக் கூடாது என்பதற்காகவே அவர் எல்லாக் குழந்தையையும் நாற்காலிவரை நடந்துவரச் சொல்கிறார்.

முதியவர்கள் பக்கம் கதை வேறு. அவர்களுடைய எனாமல் கட்டி முடிந்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. இனி டி-க்கு அங்கே வேலை இல்லை. ஆனால் பல்லைத் தாங்கும் தாடை எலும்பு உயிருள்ள எலும்பு. அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டிய 145 பேரைக் கொண்டு நடந்த மூன்றாண்டுச் சோதனையில், கால்சியமும் டி-யும் பெற்றவர்களில் 13 விழுக்காட்டினரும், வெறும் மாத்திரை பெற்றவர்களில் 27 விழுக்காட்டினரும் ஒரு பல்லாவது இழந்தார்கள். சிறிய சோதனைதான். ஈறுப் பகுதியில் கிருமிகளை எதிர்க்கும் ஒரு புரதத்தை உண்டாக்குவதிலும் டி-க்குப் பங்குண்டு. இவற்றை வைத்து ஈறுநோய்க்கு டி மருந்து என்று சொல்லிவிட முடியாது. பற்காரை எடுக்காமல் ஈறுநோய் தீராது. எலும்புத் தேய்வுக்கு ஆண்டுக்கொரு ஊசி போட்டுக்கொள்ளப் போகிறோம் என்று சொல்லும் பாட்டிமாரிடம் மட்டும் டாக்டர் கண்டிப்பாக இருக்கிறார். ஊசிக்கு முன்பே ஆடும் பல்லை எடுத்துவிட வேண்டும். ஊசிக்குப் பிறகு பல் எடுத்தால், அரிதாக, அந்தக் குழி ஆறாமல் தாடை எலும்பு வெளித்தெரியும் நிலை வருவதுண்டு. அந்த ஊசிக்கு முன் ரத்தத்தில் டி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதும் அவசியம், இல்லையேல் கால்சியம் சரிந்துவிடும்.

கடைசியாகச் சாஷே. 60,000 யூனிட் டி அடங்கிய பொடிப் பொட்டலமும் மாத்திரையும் இந்த ஊர் மருந்துக்கடையில் கேட்டால் கிடைக்கும். குறை உள்ளவருக்கு வாரம் ஒன்று, எட்டு வாரம், பிறகு நிறுத்தி மருத்துவரைப் பார்ப்பது என்பதுதான் வழக்கமான முறை. வாரத்துக்கு ஒன்று என்று எழுதியதைத் தினம் ஒன்றாகச் சாப்பிடுபவர்கள் உண்டு. நன்றாக இருக்கிறது என்று ஆண்டுக்கணக்கில் தொடர்பவர்களும் உண்டு. கொழுப்பில் கரையும் பொருள் என்பதால் இது உடம்பிலேயே தங்கும். ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, மலச்சிக்கல், தீராத தாகம், சிறுநீரகக் கல் என்று போகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வகுத்த அளவு வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 600 யூனிட், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 400. சாஷேயின் அளவோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தாலே விளங்கும். நலமாக இருக்கும் பெரியவர்கள் எல்லோரும் ரத்தத்தில் டி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை என்று 2024-இல் வெளியான பன்னாட்டு நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்களின் வழிகாட்டுதலும் சொல்கிறது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மிக முதியவர்களுக்கும் சோதனை இல்லாமலே அளவாகக் கொடுக்கலாம் என்கிறது.

பாலிகஞ்ச் சர்க்குலர் சாலையில் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் அறிவியல் வளாகம் இருக்கிறது. இங்கிலாந்தில் டிரம்மண்டிடமும் ஹாப்கின்ஸிடமும் பயின்று திரும்பி, இந்தியாவில் வைட்டமின் ஆராய்ச்சிக்கு வித்திட்ட பிரேஷ் சந்திர குஹாவின் பெயரில் ஓர் ஆய்வு மையம் அங்கே உண்டு. அந்த வளாகத்துக்கு இவ்வளவு அருகில், கல்கத்தாக் குழந்தைகளின் கழன்று விழும் பால்பற்களைச் சேகரித்துப் பார்க்க யாராவது முன்வர வேண்டும் என்பது டாக்டரின் நெடுநாள் ஆசை. கனடாவில் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் மேகன் பிரிக்லியும் லோரி டி ஓர்டென்சியோவும் நூற்றாண்டுகள் பழைய எலும்புக்கூடுகளின் பல்லை மெல்லிய சீவலாக அறுத்து, டென்டினுக்குள் கெட்டிப்படாத இடைவெளிகளைக் கொண்டு, அந்த ஆள் எந்த வயதில் வெயில் காணாமல் இருந்தார் என்பதை 2016-இல் படித்துக் காட்டினார்கள். மே மெலன்பி நாய்க்குட்டியில் கண்ட அதே இடைவெளிகள். புதைகுழி தோண்ட வேண்டிய தேவை இங்கே இல்லை. ஆறு வயதில் ஒவ்வொரு குழந்தையும் பல்லைத் தானாகவே கொடுக்கிறது. எந்த வார்டு, எத்தனையாவது மாடி, எந்த மாதப் பிறப்பு, தாய் டி சாப்பிட்டாளா என்ற நான்கு விவரங்களோடு அந்தப் பற்கள் ஒரு பெட்டியில் சேர்ந்தால், கருவுற்ற பெண்களுக்கு எந்த மாதத்திலிருந்து டி தரவேண்டும் என்பதை டென்மார்க்கைப் பார்க்காமல் பாலிகஞ்சைப் பார்த்தே முடிவு செய்யலாம். தம் நோயாளிகளின் சீட்டில் இந்த நான்கு விவரங்களையும் அவர் இப்போதே குறித்துவைக்கத் தொடங்கிவிட்டார்.